காற்றின் பிறப்பிடங்கள்



காற்று வரும் திசையை நோக்கி அதற்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவை வெறும் திசைப் பெயர்கள் அல்ல. வாடை என்ற அளவிலே குளிர் நினைவுக்கு வருகிறது. கொண்டல் என்பது மேகத்துக்கும் பெயர். கோடை என்பது வேனிற்காலத்துக்கும் பெயர். காற்றானது தான் புறப்பட்ட இடத்தின் இயல்பைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு வருகிறது என்னும் உண்மை இப்பெயர்களிலேயே பொதிந்து கிடக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நமக்கு இந்த நான்கு பெயர்கள் மட்டும் போதா. ஊர் மாறினால் திசையின் பொருளும் மாறிவிடுகிறது. சென்னையில் ஐப்பசி மாதத்து வடகிழக்குக் காற்று மழையைக் கொண்டு வருகிறது. அதே மாதத்தில் கொல்கத்தாவில் வடக்கிலிருந்து வீசும் காற்றோ மழையை முடித்து வைத்து வானத்தைத் தெளிவாக்குகிறது. வடநாட்டு மக்களும் தம் காற்றுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்கிலிருந்து ஈரத்துடன் வருவதைப் புர்வையா என்கிறார்கள். மேற்கிலிருந்து வறட்சியுடன் வருவதைப் பச்சுவா என்கிறார்கள். வேனிலில் உடலைச் சுடும் அனற்காற்றை லூ என்கிறார்கள். இவை ஏன் இவ்வாறு வேறுபடுகின்றன? இதற்கு விடை காண, திசையை மட்டும் கேட்டால் போதாது. காற்று எங்கே பிறந்தது, எவ்வழியாக வந்தது என்னும் இரண்டையும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை முறையாக எழுப்பி விடை கண்டவர்கள் நார்வே நாட்டு அறிஞர்கள். 1917-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் என்னும் பேராசிரியர் அந்நாட்டின் பெர்கென் நகருக்கு வந்து வானிலை ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தார். அவருடைய மைந்தர் யாக்கோப் பியெர்க்னெஸ், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த டோர் பெர்கெரோன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். காற்று மண்டலம் எங்கும் ஒரே தன்மையான கலவை அன்று. பெரும் பெரும் திரள்களாகப் பிரிந்து, ஒவ்வொரு திரளும் தனக்குரிய வெப்பத்தையும் ஈரத்தையும் கொண்டு நகர்கிறது என்பதை அவர்கள் கண்டனர். குளிர்ந்த திரளும் வெம்மையான திரளும் சந்திக்கும் எல்லைக்கு முகப்பு என்ற பொருளில் ஒரு பெயரிட்டனர். அது முதல் உலகப் போர்க் காலம். இரு படைகள் எதிர்த்து நிற்கும் போர்முனையைக் குறிக்கும் சொல்லே அது. 1928-இல் பெர்கெரோன் இத்திரள்களைப் பிறப்பிடத்தைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை வகுத்தார். அம்முறையே பாடநூல்களில் இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

காற்றுத் திரள் என்பது யாது? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் பரந்து, ஒரே மட்டத்தில் எங்கு அளந்தாலும் வெப்பமும் ஈரமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் காற்றின் பெருந்தொகுதியே காற்றுத் திரள். இத்தகைய திரள் உருவாவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அடியில் உள்ள தரை பரந்ததாகவும் ஒரே தன்மை உடையதாகவும் இருக்க வேண்டும்: ஒரு பாலைவனம், ஒரு பனிவெளி, ஒரு பெருங்கடல். இரண்டாவது, காற்று அங்கே விரைந்து ஓடாமல் பல நாட்கள் தங்க வேண்டும். அடுப்பின் மேல் வைத்த நொடியிலே பாத்திரத்து நீர் கொதிப்பதில்லை அல்லவா? அதுபோலவே காற்றும் தன் கீழுள்ள தரையின் இயல்பை ஏற்பதற்குக் காலம் வேண்டும். உயர்ந்த காற்றழுத்தம் நிலைத்து நிற்கும் இடங்களில் காற்றோட்டம் மெதுவாக இருக்கும். ஆதலின் அவ்விடங்களே பெரும்பாலும் காற்றுத் திரள்களின் பிறப்பிடங்களாக அமைகின்றன.

இவற்றை வகைப்படுத்துவது எளிது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. நிலத்தின் மேல் பிறந்ததா, கடலின் மேல் பிறந்ததா என்பது ஒன்று. நிலத்தில் பிறந்தது வறண்டிருக்கும். கடலில் பிறந்தது ஈரமாயிருக்கும். குளிர்ந்த பகுதியில் பிறந்ததா, வெப்பமான பகுதியில் பிறந்ததா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முக்கியமான வகைகள் தாமே புலப்படும்.

நிலத்தில் பிறந்த துருவக் காற்றுக்கு ஸைபீரியாவும் கனடாவின் வடபகுதியும் தாயகங்கள். குளிர்காலத்தில் பனி மூடிய அந்தச் சமவெளிகளில் நீண்ட இரவுகள் தரையின் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகின்றன. தரையைத் தொட்ட காற்று மேன்மேலும் குளிர்ந்து கனத்துப் படிகிறது. ஸைபீரியாவின் வெர்ஹோயான்ஸ்க் என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 67.8 டிகிரி வரை இறங்கியது. அதே நாட்டில் அகாத்தா என்னும் இடத்தில் 1968 டிசம்பர் 31 அன்று காற்றழுத்தம் 1083 மில்லிபாருக்கு மேல் உயர்ந்தது. குளிர்ந்த காற்றின் கனம் எத்தகையது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. கடலில் பிறந்த துருவக் காற்று வட பசிபிக், வட அட்லாண்டிக் சமுத்திரங்களின் குளிர்ந்த பகுதிகளில் உருவாகிறது. அது குளிர்ச்சியோடு ஈரமும் உடையது. ஐரோப்பாவின் மேற்குக் கரையில் மேகமும் தூறலும் மிகுவது அதனால்தான். இவற்றுக்கும் அப்பால் இரு துருவங்களின் உறைபனி மேல் பிறக்கும் ஆர்க்டிக், அண்டார்க்டிக் காற்றுகள் யாவற்றினும் குளிர்ந்தவை.

இனி வெம்மையான பக்கத்தை நோக்குவோம். நிலத்தில் பிறந்த வெப்பக் காற்றுக்கு ஸகாரா, அரேபியா, நம் தார்ப் பாலைவனம் முதலியவை தாயகங்கள். கடலில் பிறந்த வெப்பக் காற்று, கடக, மகர ரேகைகளை அடுத்த வெதுவெதுப்பான சமுத்திரங்களில் உருவாகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிப் பிறப்பது பூமத்திய ரேகைக் காற்று. அதில் வெப்பமும் ஈரமும் ஒருங்கே மிகுந்திருக்கும்.

பிறப்பிடத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை. திரள் தன் தாயகத்தை விட்டுப் புறப்பட்டதும் வழியிலுள்ள தரையும் கடலும் அதனை மாற்றத் தொடங்குகின்றன. குளிர்ந்த காற்று வெப்பமான பரப்பின் மேல் சென்றால் அடிப்பகுதி சூடேறி மேலெழும்பும், மேகம் குவியும். வெப்பமான காற்று குளிர்ந்த பரப்பின் மேல் சென்றால் அடிப்பகுதி குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கும், மூடுபனி தோன்றும். குளிர்காலத்தில் ஸைபீரியாவிலிருந்து வறண்டு புறப்படும் காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, ஜப்பானின் மேற்குக் கரையில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பனியைக் கொட்டுகிறது. வங்காள விரிகுடாவில் நிகழ்வதும் இத்தகையதே. வடகிழக்கிலிருந்து வறண்டு புறப்படும் காற்று கடலின் மேல் நெடுவழி வந்து ஈரம் ஏற்கிறது. விரிகுடாவில் எழும் தாழ்வு மண்டலங்கள் அதனை மேலெழச் செய்து தமிழ்நாட்டுக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையாகப் பொழிவிக்கின்றன. கொல்கத்தாவில் வானம் தெளிவதும் நாகப்பட்டினத்தில் வயல் நிறைவதும் எவ்வாறு ஒரே பருவத்தில் நிகழ்கின்றன என்பது இப்போது விளங்கும். இடையே இருப்பது கடல், அவ்வளவே.

இந்த அறிவைக் கொண்டு நாம் குடியேறிய ஊர்களின் ஆண்டைச் சற்றே பார்ப்போம்.

முதலில் குளிர்காலம். டில்லி ஏறத்தாழ வட அட்சம் 28½ டிகிரியில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரம் அதனைவிட ஒரு டிகிரி அளவே வடக்கே உள்ளது. எனினும் 2021 பிப்ரவரியில் ஆர்க்டிக் காற்று தடையின்றித் தெற்கே பாய்ந்து ஹூஸ்டனை உறையவைத்தது. மின்சாரம் அற்றுப்போய் அம்மாநிலத்தில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்டு மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக அமைந்திருப்பதால் வடக்கிலிருந்து வரும் குளிரைத் தடுப்பார் இல்லை. நமக்கோ இமயமலை கிழக்கு மேற்காக மதில் போல் நிற்கிறது. ஸைபீரியக் காற்று கனமானது. தரையை ஒட்டியே படர்வது. அம்மதிலையும் அதன் பின்னுள்ள திபெத்துப் பீடபூமியையும் ஏறிக் கடக்க அதனால் இயலாது. டில்லியின் சப்தர்ஜங் நிலையத்தில் பதிவான மிகக் கடுமையான குளிரே, 1935 ஜனவரி 16 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரிதான்.

அங்ஙனமாயின் டில்லியின் குளிரலை எங்கிருந்து வருகிறது? மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி வரும் மேலைக் கலக்கங்கள் பஞ்சாபில் மழையையும் இமயத்தில் பனியையும் பெய்விக்கின்றன. பஞ்சாபின் கோதுமைக்கு அம்மழை உயிர்நீர். கலக்கம் கடந்து சென்றதும் பின்னாலேயே வடமேற்கிலிருந்து குளிர்ந்த வறண்ட காற்று சமவெளிக்குள் இறங்குகிறது. வானம் தெளிந்து, காற்று அசையாத இரவுகளில், மழையால் நனைந்த தரை விரைந்து குளிர்கிறது, மூடுபனி எழுகிறது. கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெம்மையான காற்றுமாக நிற்கும்போது, பானைக்கு மூடி இட்டாற் போல் ஊரின் புகையெல்லாம் கீழேயே அடைபட்டுப் போகிறது. ரயில்கள் தாமதமாவது மட்டுமன்று. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் மூச்சு முட்டுவதும் இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். குளிருக்குப் பழகாத நம்மவர் சிலர் கரி அடுப்பை, வடநாட்டார் அங்கீட்டி என்று வழங்குவதை, அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உறங்குகிறார்கள். கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் உறக்கத்திலேயே உயிரிழக்கிறார். குளிரை இன்னும் ஒரு கம்பளியால் தாங்கலாம். அடைத்த அறையில் கரி நெருப்பு கூடவே கூடாது.

அடுத்தது வேனில். ஏப்ரல், மே மாதங்களில் தார்ப் பாலைவனமும் அதற்கு மேற்கேயுள்ள பலூசிஸ்தானமும் காய்ந்து கொதிக்கின்றன. அங்குப் பிறக்கும் வறண்ட காற்றே லூவாகச் சமவெளியில் வீசுகிறது. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. இக்காற்றின் தன்மையை வீட்டிலேயே காணலாம். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தாலும், கூலரை ஓட்டினாலும், மே மாதத்தில் அறை குளிர்கிறது. வறண்ட காற்று நீரை ஆவலுடன் உறிஞ்சி, அதற்கு வேண்டிய வெப்பத்தை அறையிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். அதே கூலர் ஜூலை மாதத்தில் பயன்படுவதில்லை. பழுது கருவியில் இல்லை. அறைக்குள் இருப்பது இப்போது கடற்காற்று. வடாம் இடும் இல்லத்தரசியரும் இதனை நன்கறிவர். டில்லியின் மே மாத வெயிலில் ஒரே பகலில் உலர்ந்து சலசலப்பது, மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் மூன்று நாளாயினும் நமத்தே கிடக்கிறது.

நம் உடலும் ஒரு கூலரைப் போன்றதே. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. லூ வீசும்போது வியர்வை வெளியே தெரியாமலே உலர்ந்து போவதால், எவ்வளவு நீரையும் உப்பையும் இழந்தோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆதலின் தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்த வேண்டும். உப்பிட்ட நீர்மோர் நன்று. மாங்காயைச் சுட்டுப் பிழிந்து வடநாட்டார் செய்யும் ஆம் பன்னாவும் நன்று. கடற்கரை ஊர்களிலோ இடர் வேறு வகையானது. அங்கே காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே அன்றி ஆவியாவதில்லை. ஆகையால் 38 டிகிரிதானே என்று கொல்கத்தாவில் அலட்சியமாயிருத்தல் ஆகாது. வறண்ட ஊரின் 42 டிகிரியினும் அது கொடிதாகலாம். 1998-ஆம் ஆண்டு வேனிலில் ஒடிசாவில் 2,000-க்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் மாண்டனர். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன. அதன் பின் 2013-இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்து, முன்னறிவிப்புக் கிடைத்ததும் மக்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செய்தி போகும்படி ஏற்பாடு செய்தது. வெயிலில் உழைப்பவர் ஒருவர் நிலை தடுமாறிப் பிதற்றினால், அது களைப்பு அன்று, உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டு சென்று, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வங்காளத்தில் வேனில் வேறொரு வடிவம் கொள்கிறது. வங்காள விரிகுடாவின் ஈரக் காற்று தெற்கிலிருந்து தரையை ஒட்டி வருகிறது. சோட்டா நாகபுரிப் பீடபூமியின் பக்கத்திலிருந்து வறண்ட வெப்பக் காற்று அதன் மேல் படர்கிறது. மேலுள்ள காற்று சில நாட்கள் மூடியாய் நின்று கீழுள்ளதை அடக்கி வைக்கிறது. வெப்பம் மிகுந்த ஒரு பிற்பகலில் அம்மூடி உடைகிறது. அடக்கப்பட்ட ஈரக் காற்று பொங்கி எழுந்து, வடமேற்கு வானம் கறுத்து, புழுதியும் சூறையும் இடியும் ஆலங்கட்டியுமாய்க் கால்பைசாகி வந்து மோதுகிறது. கொல்கத்தாவில் வசிப்போர்க்கு இது வெம்மையை ஆற்றும் விருந்தாளி. எனினும் மின்னலால் உயிர் கொள்ளும் விருந்தாளி. வடமேற்கு கறுத்தவுடன் திறந்த வெளியையும் மரத்தடியையும் விட்டு வீட்டுக்குள் புகுவதே அறிவுடைமை.

இறுதியாக வருவது நாடே எதிர்நோக்கும் தென்மேற்குப் பருவக்காற்று. இதன் பிறப்பிடம் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பூமத்திய ரேகைக்கு அப்பால், மடகாஸ்கருக்குக் கிழக்கே தென் இந்திய சமுத்திரத்தில் இருக்கிறது. அங்குள்ள உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தென்கிழக்குக் காற்றாகப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிப் பூமத்திய ரேகையைக் கடக்கிறது. பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. அரபிக் கடலின் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தையும், ஜூன் 11-ஐ ஒட்டி மும்பையையும், அம்மாதக் கடைசியில் டில்லியையும் அடைகிறது. ஜூலை 8 அளவில் நாடு முழுவதும் பரவிவிடுவது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அதனை மேலே தூக்குவதால் மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று மீண்டும் வெப்பமுற்று வறள்வதால் புணேயில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை அந்நகரத்துத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்திரள்களை எவ்வாறு கண்டறிகிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். 1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறை, நாட்டின் பல நிலையங்களிலிருந்து நாள்தோறும் கருவி கட்டிய பலூன்களை வானில் ஏற்றுகிறது. மேலே செல்லச் செல்ல அக்கருவி வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து வானொலி அலைகளால் தெரிவிக்கிறது. இத்தகைய கருவிகளை நம் நாட்டிலேயே செய்யும் முயற்சியில் முன்னின்றவர்களுள், 1948-இல் புணேயில் பணியேற்ற அன்னா மணி அம்மையார் ஒருவர். இன்று செயற்கைக் கோள்களும் கணிப்பொறிகளும் துணை நிற்கின்றன. ஆயினும் அவை தேடுவதும் அதே இரண்டு விடைகளைத்தான்: காற்று எங்கே பிறந்தது, எவ்வழி வந்தது.

வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். அது நாம் வாழும் மாநிலத்துக்கு உரிய எச்சரிக்கை. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பெற்றோர் தம் ஊர் மழையைச் சொல்வார்கள். அதைக் கேட்டு மகிழலாம். ஆனால் குடையும் கம்பளியும் எடுப்பதற்கு, தலைக்கு மேல் இருக்கும் காற்றைத்தான் கேட்க வேண்டும்.

வந்த ஊரில் மொழியைக் கற்கிறோம், கடைவீதியை அறிகிறோம், அண்டை வீட்டாரோடு பழகுகிறோம். அவ்வூரின் காற்றையும் அவ்வாறே பழகிக்கொள்வோமாக. அங்கே பல தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் லூவுக்கும் கால்பைசாகிக்கும் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்டறிவதில் நமக்குக் குறைவில்லை. அவர்களுடைய அனுபவமும் வானிலை நிலையத்தின் அறிவிப்பும் சேர்ந்தால் பல உயிர்கள் காக்கப்படும்.